மாதா காசு

கார்த்திகேசுவின் நெற்றியில் சந்தனம் குழைத்து ஒட்டியிருந்த காசு தன்னுடையது என்பது ஸ்டானிஸ்லாஸுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. நெற்றிக்காசு என்றால் பெரிய பொட்டு அளவுக்கு இருக்கும். இதுவோ புருவத்திலிருந்து முடி தொடங்கும் இடம் வரை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 1895-ஆம் வருஷத்து வெள்ளி டாலர். விளிம்போரம் அந்தக் காலத்துச் சீனக் கடைக்காரன் ஒருவன் குத்திய முத்திரை, மூன்று கோடும் ஒரு புள்ளியும். இந்த டாலர் ஊரில் ஆயிரம் பேரிடம் இருக்கலாம். இந்த முத்திரையோடு அவர் பார்த்தது இது ஒன்றைத்தான். முப்பது வருஷச் சிநேகிதன் சவப்பெட்டியில் கிடக்கிறான், தன் கண் முதலில் காசுக்குப் போகிறதே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் கண் அங்கேயேதான் நின்றது.

இருவரும் பழைய காசுக் கிறுக்கர்கள். ஸ்டானிஸ்லாஸ் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கார்த்திகேசு காப்பாரிலிருந்தும் கிளம்பி, ஞாயிறுதோறும் பழம்பொருள் சந்தையில் சந்தித்து, விக்டோரியா ராணியின் மூக்கு தேய்ந்திருக்கிறதா இல்லையா என்று மத்தியானம் வரை சண்டை போடுவார்கள். இந்தக் காசுக்காக மட்டும் சண்டை வந்ததில்லை. சேகரிப்பவர்கள் கண்ணுக்கு அது தேறாத சரக்கு. ஒரு பக்கம் சூலமும் கேடயமும் பிடித்து ஒரு வெள்ளைக்காரப் பெண் நிற்பாள், பின்னால் பாய்மரக் கப்பல். நூறு வருஷம் கைமாறியதில் அவள் முகமும் சூலத்தின் முனைகளும் மழுங்கிப்போயிருந்தன.

அந்த மழுங்கல்தான் செசிலியாவைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன் ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்த மனைவி, திறந்து கிடந்த ஆல்பத்திலிருந்து இந்த ஒன்றை உருவி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வேளாங்கண்ணி மாதாவாம். பின்னால் இருப்பது மாதா கரைசேர்த்த கப்பலாம். இல்லை என்று சொல்ல வாயெடுத்த ஸ்டானிஸ்லாஸ், யாருக்கு என்ன நஷ்டம் என்று மூடிக்கொண்டார். அதன்பிறகு மகள் பெயர் போயிற்று, கழிவறைக்குப் போகும் வழி போயிற்று, மாதா மட்டும் போகவில்லை. காசு கையில் இருந்தால் சாப்பிடுவாள், குளிக்க வருவாள். இல்லாவிட்டால் இது யார் வீடு என்று கேட்டுக்கொண்டு கதவு கதவாகத் தட்டுவாள்.

அது தெரிந்தும் கொடுத்தாரே, அதுதான் கிறுக்கு. அந்தச் சீன முத்திரையைத் தன் நோட்டில் வரைந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ரெண்டே நாள் என்று கார்த்திகேசு கெஞ்சினான். சனிக்கிழமை, செசிலியா கண்ணயர்ந்த நேரம் பார்த்து விரலைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். அவளுக்கு அதே வகையில் புத்தம் புதிதுபோல் ஒன்றை வைத்தார். அவள் அதன் கூரான சூலத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சோற்றுத் தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து ஒரு கவளம் இறங்கவில்லை. திங்கள் காலை, இப்போதே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் காப்பாருக்குப் போன் போட்டார். மகன் லோகன் எடுத்து, அப்பா விடியற்காலையில் போய்விட்டார் என்றான்.

காசு நெற்றிக்கு ஏறிய கதையை லோகனே சொன்னான், கொஞ்சம் பெருமையாகத்தான். பண்டாரம் சடங்குக்கு ஒரு வெள்ளி காசு கேட்டாராம். இந்த நாட்டில் வெள்ளி என்றால் ரிங்கிட். ஒரு ரிங்கிட் காசு ஒழிந்து இருபது வருஷமாகிறது, இப்போது வெறும் நோட்டுதான். ஐம்பது காசு போதும் என்று பண்டாரமே இறங்கி வந்திருக்கிறார். அதற்குள் கார்த்திகேசுவின் மனைவி வீரம்மா, புருஷனின் மேசைக்குப் போய் இதை எடுத்து வந்துவிட்டாள். ஒன் டாலர் என்று எழுதியே இருக்கிறது. ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி, வெள்ளிக்கு வெள்ளி. கூடியிருந்தவர்கள் அசந்துபோனார்களாம்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். இங்கே பொருளுக்குச் சொந்தக்காரனுக்கே அந்தக் கதி. லோகனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாமா? பிணத்தின் நெற்றியில் கை வைத்தவன் என்ற பேர் கடைசிவரை நிற்கும். செசிலியாவின் நிலையைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆனால் எந்த வாக்கியத்தில் தொடங்குவது? நாற்காலியில் உட்கார்ந்து மனத்துக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாமே கேவலமாக இருந்தன.

பெட்டியை மூடும் நேரத்தில் கடவுளே இரங்கி வந்ததுபோல ஒன்று நடந்தது. சிலர் நெற்றிக்காசை எடுத்து வைத்துக்கொள்வார்கள், என்ன செய்யட்டும் என்று பண்டாரம் கேட்டார். வீரம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஸ்டானிஸ்லாஸிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, காசைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். எடுத்துடவா, அவரோடயே விட்டுடவா? ரெண்டு நாளா கைய விட்டு எறக்கல. போறப்பவும் கையிலதான்ணே இருந்துச்சு. வெரல பிரிச்சுத்தான் எடுத்து மேசையில வெச்சேன்."

எடுத்துடுங்க தங்கச்சி என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. அழுது வீங்கிய அந்த முகம், அவர் சொல்வதுதான் தீர்ப்பு என்று காத்திருந்தது.

"அவனோடயே இருக்கட்டும்மா" என்றார்.

நாலு பேர் மூடியைத் தூக்கி வைத்தார்கள். திருகு ஒவ்வொன்றாக இறங்கியது. அப்போதுதான் ஸ்டானிஸ்லாஸுக்கு அழுகை வந்தது. சிநேகிதனுக்காக அழுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் தோளை அணைத்துக்கொண்டார். அதுவும் பொய்யில்லை.

காப்பாருக்குப் பக்கத்துக் கிள்ளானிலிருந்து ரயில் பிடித்து வீடு வந்து சேர மாலையாகிவிட்டது. துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு ஆட்ரி, ரெண்டு ஸ்பூன் மைலோதான் ஆன்டி குடிச்சாங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். செசிலியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் கையை நீட்டினாள். பையில் ஒன்றுமில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையை அந்த உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். உள்ளங்கையைப் பார்த்தாள், திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள், ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"யாருதுன்னு தெரியலியே" என்றாள். "பாவம், தேடிக்கிட்டு இருப்பாங்க. கொண்டு போய்க் குடுத்துடுங்க."

பிறகு அந்தக் கையைப் பத்திரமாக எடுத்து, அவர் மடியிலேயே வைத்தாள்.