சட்டைப்பையில் ஒன்பது நாள்

சூடாக இருக்கிறது, அவளுடைய கழுத்தின் சூடு, மணிலாவில் விமானம் இறங்க இன்னும் இருபது நிமிடம், மாரிவிக் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கொழுக்கியை விடுவித்துத் தாலிக்கொடியைக் கழற்றுகிறாள், என் சட்டைப்பையில் அதை இறக்கிப் பொத்தானையும் தானே பூட்டுகிறாள், கவனமப்பா, குனிஞ்சு எழும்பேக்க விழுந்திடும் என்கிறாள், ஓம் என்கிறேன், ஜன்னலுக்கு வெளியே மேகம், வேறு ஒன்றுமில்லை. அவள் பேசுவது என் அம்மாவின் தமிழ், கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எழும்பமாட்டாமல் கிடந்த அம்மாவை ஆறு வருடம் தூக்கி, கழுவி, ஊட்டிவிட்ட பிலிப்பைன்ஸ்காரி, அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அதனால் இவள் தமிழ் படித்தாள், படித்தது முழுவதும் எண்பது வயதுக்காரியின் யாழ்ப்பாணத் தமிழ், மரக்கறிக் கடையில் இவள் வாய் திறந்து, தம்பி, முருங்கைக்காய் முத்தலாக் கிடக்கு என்றால் கடையே திரும்பிப் பார்க்கும், நான் அரிசி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த வீட்டில் எல்லாவற்றையும் அவள்தான் துடைத்து வைப்பாள், அம்மாவின் மருந்துப் போத்தல்கள், அப்பாவின் படம், அம்மா தன் கொடியைப் போட்டு வைத்திருந்த பழைய பவுடர் டின், அம்மா போன பிறகும் ஒரு வருடம் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள், வேறு வீட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் சனிக்கிழமைகளில் வந்து துடைத்தாள், நான் கேட்டேன், இல்லை, அவள்தான் கேட்டாள், நீங்கள் தனிய இருந்து என்ன செய்யப்போறீங்கள் என்று, அப்படித்தான் கலியாணப் பேச்சு வந்தது.

ரொறன்ரோ நீதிமன்றம் அவளுக்கு ஊரில் இருந்த கணவனிடமிருந்து விவாகரத்துக் கொடுத்தது, மெல்லிய ஒரு கடதாசி, நகர மண்டபத்தில் கையெழுத்து, பிறகு அக்காவின் பிடிவாதத்துக்காகக் கோயில் மண்டபத்தில் தாலி, எனக்குச் சாமியில் நம்பிக்கை இல்லை, தாலியிலும் இல்லை, ஆனால் அதைக் கட்டிய பிறகும் கொழுக்கி சரியாக மாட்டியதா என்று இரண்டு தரம் தடவிப் பார்த்தேன், அதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளுடைய நாட்டுச் சட்டத்தில் அவளைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்து என்று ஒன்று கிடையாது, அங்கே அவள் இன்னமும் ரொடெலின் மனைவி, கடவுச்சீட்டில்கூட ரொடெலின் குடும்பப் பெயர்தான், அவர்கள் பிரிந்து பதினான்கு வருடம் ஆகிறது, இருந்தாலும் அவன் மனம் வைத்தால் வழக்குப் போடலாம், சிறைவரைக்கும் போகலாம் என்று அவளுடைய அண்ணன் தொலைபேசியில் சொல்லியிருந்தான். நான் தபால் பிரிக்கும் வேலை செய்பவன், ஒரே ஆளுக்கு இரண்டு முகவரி இருப்பதில் எனக்கு அதிசயம் இல்லை, பழையதற்குக் கோடு போட்டுப் புதியதற்கு அனுப்பிவிடுவோம், இங்கே எதற்குக் கோடு போடுவது. ஊரில் அவளுடைய தாய் செத்துப்போனாள் என்று செய்தி வந்த காலையில் அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள், நானும் வரட்டா என்றேன், வாங்கோ, ஆனா என்ர முதலாளியா வாங்கோ என்றாள், ஒரு சட்டையை மடித்தாள், பிறகு அதையே விரித்துத் திரும்ப மடித்தாள்.

முதலாளியாகத்தான் போகிறேன், வடக்கே பத்து மணி நேர பஸ், நெல்வயல்கள், பிறகு அந்த வீடு, முன்னறையில் வெள்ளைச் சவப்பெட்டி, பெட்டியின் மூடியில் உள்பக்கமாகக் குத்தியிருந்த ரிப்பன்களில் பிள்ளைகளின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் துணையின் பெயர், பொன் எழுத்தில் மாரிவிக், ரொடெல் என்று இருக்கிறது, நான் அதை இரண்டு தரம் வாசித்தேன், முகவரி வாசித்தே பழகிய கண். எனக்கு நல்ல கதிரை கொடுத்தார்கள், கோப்பி கொடுத்தார்கள், கனடாவில் இவள் வேலை செய்த வீட்டுச் சார், எவ்வளவு நல்ல மனிதர், இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள், மாரிவிக் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள், அந்த வீட்டில் அவள் என்னோடு தமிழ் பேசவே இல்லை. ரொடெல் வந்தான், நல்லவன் போலத்தான் இருந்தான், அதுதான் கரைச்சல், மெலிந்த, சிரித்த முகம், மருமகனுக்குரிய வேலையெல்லாம் செய்தான், கதிரை அடுக்கினான், பாதிரியாரைக் கூட்டிவந்தான். அவனோடு லோர்னா என்று ஒருத்தி வந்து பின்பக்கம் உட்கார்ந்து உள்ளி உரித்தாள், அவனுக்கு மூன்று பிள்ளைகளைப் பெற்றவள், அவளையும் அவனால் கட்ட முடியாது, அவளும் அங்கே யாரோ தூரத்து உறவுக்காரி என்ற பேரில்தான் இருந்தாள், அவள் ஒருதரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன், இரண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம். ஏழாம் நாள் பின்னேரம் ரொடெல் என்னிடம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான், சார், என் மனைவியை இத்தனை வருடம் நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள், நன்றி என்றான், அவனுக்குத் தெரியுமா, தெரிந்துதான் சொன்னானா, அவன் கண்ணில் ஒன்றும் இல்லை, கொடி என் நெஞ்சில் கிடக்கிறது, பரவாயில்லை என்றேன், எனக்கு வலித்தது.

மறுநாள் காலை பெட்டியை மூடுமுன் இறந்தவளின் விரல்களில் சுற்றியிருந்த செபமாலையை வெட்டவேண்டும், அது அவர்களுடைய வழக்கம், மாலை முழுதாக உள்ளே போனால் சாவு அந்தக் குடும்பத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடருமாம், மூத்த மகள் கத்தரிக்கோலோடு குனிந்தாள், ரொடெல் இறந்தவளின் கையை அசையாமல் பிடித்துக்கொண்டான், நூல் அறுந்தது, அப்போதுதான் மாரிவிக்கின் கை தன் வெறும் கழுத்துக்குப் போனது, அவள் அழுதாள், ஏழு நாளும் அளவாக அழுதவள் அன்று குரல் உடைந்து, நிலத்தில் உட்கார்ந்து, யாரும் தூக்க விடாமல் அழுதாள், தாய்க்கு இவள்தான் செல்லம் என்று அண்ணன் எனக்குச் சொன்னான், நான் போய் அவளுடைய தோளில் கை வைக்கலாமா, முதலாளிமார் வைப்பார்களா, சுவரோடு நின்றேன், ரொடெல்தான் அவளைத் தூக்கி உட்காரவைத்தான், அவளும் அவனுடைய தோளில் சாய்ந்தாள், அது இயல்பாக இருந்தது, பெயர், தோள், ஊர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி இருந்தன, நான்தான் தவறான பெட்டிக்குள் விழுந்த கடிதம்.

இப்போது திரும்பிப் போகிறோம், மணிலா கீழே போய்விட்டது, கடல் வந்துவிட்டது, அவள் கொடியைக் கேட்கவில்லை, சாப்பாடு வந்தது, தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள், கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை, ஒருவேளை இனிக் கேட்கவே மாட்டாளோ, கேட்காவிட்டால் நான் அதை எங்கே வைப்பது, அம்மாவின் பவுடர் டின்னிலா, ஒன்பது நாளில் ஒரு மனிதன் இப்படிப் பயப்படுவான் என்று எனக்குத் தெரியாது, பயமாக இருந்தது. அந்தப் பவுடர் டின் என்று அவளே தொடங்கினாள், தமிழில், ஒன்பது நாளுக்குப் பிறகு, அதைத் துடைக்கேக்க அம்மாட்டைக் கேட்டனான், கொடியை ஏன் போடேல்லை எண்டு, அவர் போன அண்டைக்குக் கழட்டினது பிள்ளை, அவர் இருக்கேக்க கழட்டக்கூடாது எண்டு சொன்னவ. அப்ப தெரிஞ்சுதான் கழட்டினியோ என்றேன். ஓம், தெரிஞ்சுதான், கழட்டாமல் வந்திருந்தா உங்களையும் சேர்த்தெல்லோ பிடிச்சிருப்பினம், அவள் ஜன்னலைப் பார்த்தாள், நான் அங்க அழுததில பாதி உங்களுக்கு, அவையெல்லாம் என்ர அம்மாவுக்கெண்டு நினைச்சவை, இஞ்சேருங்கோ, உங்களுக்கு அழவேண்டியதை நான் அழுது முடிச்சிட்டன், ரெண்டாந்தரம் என்னால ஏலாது, இனி முதல் போறது நான்தான், சொல்லிப்போட்டன்.

ஓம் என்றேன், அவள் முதுகைத் திருப்பித் தலைமயிரை ஒரு கையால் உயர்த்திப் பிடித்தாள், நான் பொத்தானை அவிழ்த்தேன், கொழுக்கி சிறியது, என் விரல்கள் பெரியவை, விமானமும் நானும் ஆடுகிறோம், கோப்பி கொண்டுவந்த பெண் வழியில் நின்று காத்திருக்கிறாள், மூன்றாம் தரம்தான் மாட்டியது, மாரிவிக் கொடியை நெஞ்சுக்குள் விட்டுவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, என்னப்பா, இப்பிடிச் சூடாக் கிடக்கு என்றாள்.