வியாழக்கிழமைக்கு எடுத்து வைத்த மூச்சு

பகவதிப்பெருமாளுக்கு மிச்சம் இருந்தது கொஞ்சம் மூச்சுதான். அதையும் அவர் வியாழக்கிழமைக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார். அவர் மனைவி முத்தாரம்மாளுக்குப் பொறுக்காமல் போனது அதுதான்.

நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கரமனையில் அவர்கள் வீட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டு, பக்கத்தில் ஆக்சிஜன் மிஷினை வைத்தார்கள். மகன் அபிலாஷ் ஷார்ஜாவிலிருந்து வந்து இதையெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு, லீவு முடிந்ததும் திரும்பிப் போனான். அதன் பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் அந்த மிஷினின் இரைச்சலும்தான்.

பேச்சைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பகவதிப்பெருமாளுக்கு அது கஷ்டமாகவே இல்லை. சாலை பஜாரில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் அவர் பேசியதெல்லாம் 'காப்பி', 'குடை', 'கதவைச் சாத்து' என்கிற அளவுதான். முத்தாரம்மாளும் அதைக் குறையாக நினைத்ததில்லை. சிலர் கறுப்பாக இருப்பார்கள், சிலர் குள்ளமாக இருப்பார்கள், தன் வீட்டுக்காரர் பேசாதவர், அவ்வளவுதான் என்றிருந்தாள்.

நீது வந்த பிறகுதான் அவர் பேசுகிறவர் என்று தெரிந்தது.

வீட்டோடு கிடக்கிற நோயாளிகளைப் பார்க்க வியாழக்கிழமைதோறும் பாலியேட்டிவ் யூனிட்டின் ஜீப் வரும். லதிகா சிஸ்டர் பிரஷர் பார்த்து, வலிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். ஒருநாள் அவருடன் ஒல்லியாக ஒரு பெண் இறங்கினாள்.

"இது நீது. டாக்டராகப் போற குட்டி. தமிழ்தான், கேட்டோ. ஞான் திரும்பி வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும்" என்று சிஸ்டர் விட்டுவிட்டுப் போனார்.

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த மலையாள ஊரில்தான். அப்பாவுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. முத்தாரம்மாள் காப்பியை நீட்டிக்கொண்டே, "காலேஜுக்குப் போகலியா மோளே?" என்று கேட்டாள்.

"கிடைக்கல ஆன்ட்டி. இங்கிலாந்துல மெடிசினுக்கு அப்ளை பண்ணினேன். இன்டர்வியூ வரைக்கும் போய்த் தள்ளிட்டாங்க."

"மார்க் காணாதோ?"

"மார்க்கெல்லாம் உண்டு. அங்க அது மட்டும் போராது. சீக்காளிங்க பக்கத்துல இருந்து பழகினது உண்டான்னு கேட்டாங்க. நான் திருதிருன்னு முழிச்சேன்." அவளே சிரித்தாள். "அதான் இந்த வருஷம் இது. அடுத்த தடவை கேட்டா சொல்றதுக்கு எதாவது வேணும் இல்லியா?"

முத்தாரம்மாள் சிரிக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் டியூஷனுக்குப் போகும், இவளுக்கு என் புருஷனா டியூஷன் என்று மனசுக்குள் ஓடியது. சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. யூனிட்டில் வகுப்பு நடத்திச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். 'வலி இருக்கா' என்று கேட்கமாட்டாள். 'நேத்து ராத்திரி எப்படிப் போச்சு?' என்பாள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். சும்மா இருப்பதில்தான் வித்தையே இருந்தது. பகவதிப்பெருமாள் ஒரு வார்த்தை சொல்வார், மூச்சு வாங்கும், அவள் அசையாமல் காத்திருப்பாள், அடுத்த வார்த்தை வரும். முத்தாரம்மாளாக இருந்தால் அந்த இடைவெளியில் போர்வையை இழுத்துவிடுவாள், வெந்நீர் எடுக்கப் போய்விடுவாள்.

இரண்டாம் தடவை வந்தபோதே, "அங்கிள் கிங்கிள்லாம் வேண்டாம். மாமான்னு கூப்பிடு" என்றார் அவர். முத்தாரம்மாள் ஆன்ட்டியாகவே இருந்தாள்.

ஒருநாள் அடுக்களையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முன்னறைப் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"நானும் தோத்தவன்தான் மக்கா. எஸ்.எஸ்.எல்.சி.ல."

"மாமாவா? எதுல?"

"கணக்குல."

"ஐயோ!"

"கேளு. பாஸாயிட்டேன்னு வீட்ல பொய் சொல்லியாச்சு. அம்மை பாயசம் வச்சா. குடிச்சேன். சாயங்காலம் பேப்பர்ல ரிசல்ட். அப்பா கம்பு ஒடியற வரைக்கும் அடிச்சாரு."

"கணக்குல தோத்திட்டா கணக்கெழுதப் போனீங்க?"

"பின்னே? ஒரு வீம்புதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவருக்கு இருமல் வந்தது, இருமிவிட்டு மறுபடியும் சிரித்தார்.

முத்தாரம்மாளின் கத்தி நின்றுபோயிருந்தது. பால்காரன் கணக்கில் ஐந்து ரூபாய் தவறினால் அவளை மேலும் கீழும் பார்க்கிற மனுஷன், கணக்கில் தோற்றவர். இத்தனை வருஷமும் இது அவளுக்குத் தெரியாது. நேற்று வந்தவளுக்குத் தெரிகிறது. தோற்றவர்கள் இரண்டு பேரும் ஒரு ஜாதியாகச் சேர்ந்துவிட்டார்கள். அவள் எதிலும் தோற்றதில்லை. தோற்பதற்கும் யாராவது பரீட்சை எழுத அனுப்பியிருக்க வேண்டுமே.

ஜீப் வந்து அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனதும், முத்தாரம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அதே மாதிரிக் கேட்டாள்.

"நேத்து ராத்திரி எப்படிப் போச்சு?"

பகவதிப்பெருமாள் அவளை விநோதமாகப் பார்த்தார். "நீ பக்கத்துலதானே கிடந்தே?" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை ஆனால் வாயையே திறக்கமாட்டார். எல்லாம் சைகைதான். மூச்சைச் சேர்த்து வைக்கிறார் என்பது அவளுக்குப் புரியாதா? சாயங்காலம் கன்னத்தைத் தடவிக் காட்டுவார், சவரம் பண்ண வேண்டுமாம். அவள்தான் சோப்பு நுரை போட்டு, தோல் மடிப்பை இழுத்துப் பிடித்துச் சிரைத்து விடுவாள். "பொண்ணு பாக்கப் போறாப்ல இருக்கு" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அவர் தாடைக்குக் கீழே விட்டுப்போன இடத்தை விரலால் காட்டினார்.

மார்கழி கழிந்ததும் ஒரு வியாழக்கிழமை நீது துள்ளிக்கொண்டு வந்தாள். மறுபடியும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த வாரம், கம்ப்யூட்டரில்.

"இந்தத் தடவையும் கிடைக்கலேன்னா அப்பா இனி சம்மதிக்கமாட்டார் மாமா. பி.காம் சேரச் சொல்லிடுவார்" என்றாள். சொல்லும்போதே துள்ளல் அடங்கியது.

"பயப்படாதே. நான் கேக்கேன், நீ சொல்லு" என்றார் பகவதிப்பெருமாள். தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னார். சட்டை போட்டுவிடச் சொன்னார். முத்தாரம்மாள் போட்டுவிட்டாள். இந்த ஆறு மாதத்தில் அவர் சட்டை போட்டது அன்றைக்குத்தான்.

"எதுக்கு டாக்டராகணும்?"

நீது ஏதோ ஒப்பித்தாள். ஜனங்களுக்குச் சேவை, சின்ன வயசிலிருந்தே ஆசை என்று போயிற்று. "இதைத்தான் போன தடவையும் சொன்னியா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். "அப்ப அவன் தள்ளினது நியாயந்தான்." இரண்டு பேரும் சிரித்தார்கள். இன்னொரு கேள்வி கேட்பதற்குள் அவருக்கு மூச்சு முட்டியது. அடுக்களை வாசலில் நின்றவளைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"முத்தாரு, நீ ஒண்ணு கேளு."

"நான் என்னத்தக் கேக்க?"

"எதையாவது கேளுங்க ஆன்ட்டி" என்றாள் நீது.

அப்போது முத்தாரம்மாளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தேடி எடுக்க வேண்டியிருக்கவில்லை, நாக்கு நுனியில் மாதக்கணக்காக இருந்தது போல வந்தது.

"இவரு சாகக் கிடக்கலேன்னா, நீ இந்த வீட்டுப் படி ஏறியிருப்பியா?"

அந்த வார்த்தையை அந்த வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. டாக்டர் சொல்லவில்லை, அபிலாஷ் சொல்லவில்லை, அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மிஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

நீதுவின் கண் நிறைந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை.

"இல்ல ஆன்ட்டி. ஏறியிருக்க மாட்டேன். அவங்க என்னைத் தள்ளாம இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன். எனக்கு ஒரு சீட்டு வேணும், அதுக்குத்தான் வந்தேன்."

பகவதிப்பெருமாள் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இதைச் சொல்லு மக்கா. இதுக்குச் சீட்டுக் கிடைக்கும்."

ஜீப் போன பிறகு முத்தாரம்மாள் அவர் பக்கத்தில் போகப் பயந்து கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிட்டார். கோபிக்கப் போகிறார் என்று வந்து நின்றாள்.

"நல்ல கேள்வி" என்றார்.

அவியலைக்கூட நன்றாயிருக்கிறது என்று சொல்லாத வாய். அப்படியே நிறுத்தியிருக்கலாம் அவர். நிறுத்தவில்லை.

"அவளுக்கு உபகாரமாச்சு" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் அவர் போய்விட்டார். முந்தின நாள் சாயங்காலம் அவள்தான் சவரம் பண்ணிவிட்டிருந்தாள். வந்தவர்களெல்லாம், "முகம் என்ன களையா இருக்கு, தூங்கறாப்ல" என்றார்கள். யாருக்காக அந்தக் களை என்று அவளுக்குத்தான் தெரியும். லதிகா சிஸ்டரோடு நீதுவும் வந்தாள். நடையில் நின்று விசித்து விசித்து அழுதாள். தெருப் பெண்கள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "மகளா? மருமகளா?" என்று கேட்டார்கள். முத்தாரம்மாளுக்கு அழுகை வரவில்லை. இந்த வீட்டில் அதையும் இவளே எடுத்துக்கொண்டாளே என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றுக்கால் பொங்கலைக்கு, பெண்கள் அடுப்பு கூட்டி அம்மனுக்குப் பொங்கலிட, தெருவில் செங்கல் வந்து இறங்கிய நாள். தீட்டு என்பதால் அவளுக்கு இந்த வருஷம் பொங்கலை இல்லை. சும்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஆட்டோவிலிருந்து நீது இறங்கினாள். கையில் பேக்கரிப் பெட்டி.

"கிடைச்சுது ஆன்ட்டி. செப்டம்பர்ல போகணும்."

"நல்லது" என்றாள் முத்தாரம்மாள். வீட்டுக்குள் கூப்பிட்டாள். கட்டிலும் மிஷினும் போய் முன்னறை பெரிதாகிவிட்டிருந்தது. "என்ன கேட்டானுவ?"

"நீங்க கேட்டதேதான். எதுக்கு பாலியேட்டிவ்ல சேர்ந்தேன்னு கேட்டாங்க. நீங்க போன தடவை தள்ளினதுனாலதான்னு அவங்ககிட்டயே சொன்னேன். அந்த மேடம் சிரிச்சுட்டாங்க. பின்னே ஏன் விடாம போனேன்னாங்க. மாமா என்கிட்ட சொன்ன ஒரு காரியத்தைச் சொன்னேன்."

"என்ன காரியம்?"

நீது தயங்கினாள். "பேஷண்ட் சொல்றத வெளிய சொல்லப்படாதுன்னு யூனிட்ல ரூல் ஆன்ட்டி. அங்கயும் பேர் சொல்லாமத்தான் சொன்னேன்."

"வெளியன்னா யாரு? நானா?"

நீது பேக்கரிப் பெட்டியின் நூலைத் திருகினாள்.

"சீமைக்காரிக்குச் சொல்லலாம். தாலி கட்டிக்கிட்டவளுக்குச் சொல்லப்படாது. நல்ல ரூலுட்டி உங்க ரூல்." குரல் உயர்ந்துவிட்டது. பிறகு தாழ்ந்தது. "நான் அடுக்களையிலயே நின்னுட்டேன் மோளே. பாதிதான் கேட்டுது."

நீது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல பொன்முடி மலைக்குப் போனீங்களாமே ரெண்டுபேரும். விதுரா தாண்டி வளைவு தொடங்கினதும் உங்களுக்கு வாந்தி வந்துட்டுதாம். மாமா பஸ் ஜன்னல் பக்கம் உங்க தலையைப் பிடிச்சுக்கிட்டாராம். வாந்தி எடுக்கறவங்களோட தலைக்கனம் முழுக்க நம்ம கைக்கு வந்துடும் மக்கா, பச்சப்பிள்ளை தலை மாதிரி, அப்பதான் இது என் ஆளுன்னு தோணிச்சுன்னார்." அவள் நிறுத்தினாள். "சரிதானே ஆன்ட்டி?"



உண்மையில் வாந்தி எடுத்தது அவர்தான். வளைவுக்கு வளைவு எடுத்தார். கண்டக்டர் சத்தம் போட்டார், புது வேஷ்டி பாழாயிற்று. ஜன்னல் கம்பியில் இடிக்காமல் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது முத்தாரம்மாள். கீழே இறங்கும்போது, "வீட்ல சொல்லிராதே" என்று கேட்டுக்கொண்டார், இவளும் சொன்னதில்லை. கனத்தது இவளுடைய கை. அது எப்படிக் கனத்தது, என்ன தோன்றிற்று என்று யாரிடமும், அவரிடமும்கூட, இவள் வாய் திறந்ததில்லை. கேட்டதுமில்லை அவர். பின்னே எப்படித் தெரிந்தது அந்த மனுஷனுக்கு?

நீது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும், அவளிடமிருந்து அந்தக் கதையைப் பிடுங்கிவிடலாம். நாக்கு துடித்தது.

"ஆமா" என்றாள் முத்தாரம்மாள். "எனக்குப் பஸ் ஒத்துக்காது."

பேக்கரிப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"வேற என்னவெல்லாம் சொன்னாரு? ஒண்ணு விடாம சொல்லிட்டுப் போ. நீ பிளேன் ஏறிட்டா நான் யார்கிட்ட போய்க் கேக்க?"