இரண்டு பேர் தூக்க வேண்டிய எடை

மெமோவில் மூன்றே வரிதான். நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது பிடி தவறியதற்கு, அப்போது பணியில் இருந்த நர்ஸுக்கு "வேலைக்கு ஏற்ற உடல் வலிமை இல்லாததே" காரணம் என்று கடைசி வரி சொன்னது. கீழே மேட்ரனின் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும்.

சின்ன சிஸ்டர் அதை மருந்து டிராலிக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தாள். எலும்பு முறிவு வார்டில் பதினெட்டு வருட சர்வீஸ், வயது நாற்பத்து மூன்று. ஆள் குள்ளம், ஒடிசல். அதே மூன்றாம் மாடியில் நெடுநெடுவென்று இன்னொரு நர்ஸ் இருந்ததால் அவர் பெரிய சிஸ்டர், இவள் சின்ன சிஸ்டர். எப்போதோ ஒரு நோயாளி வைத்த பெயர், டாக்டர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

விழுந்தவர் ஓய்வுபெற்ற கிரேன் ஆபரேட்டர். நூற்றுப் பத்து கிலோ. இடுப்பு ஆபரேஷன் முடிந்து நாலு நாள். அப்படிப்பட்டவரை மாற்ற இரண்டு பேர் வேண்டும் என்று வார்டுச் சுவரிலேயே அச்சடித்து ஒட்டியிருக்கிறது. ஆனால் அன்று காலை மேட்ரன் பெரிய சிஸ்டரை "ஒரு மணி நேரம்தான்" என்று கீழ்மாடிக்கு அனுப்பிவிட்டார். மதியமாகியும் திரும்பவில்லை. எக்ஸ்ரே அறையிலிருந்து போன் மேல் போன். சின்ன சிஸ்டர் இரண்டு தடவை மேட்ரனைக் கூப்பிட்டு ஆள் கேட்டாள். "சமாளிங்க சிஸ்டர்" என்று பதில் வந்தது. சமாளிக்கப் பார்த்தாள். பாதியில் அவருடைய நல்ல கால் வழுக்கியது. அவள் பிடியை விடவில்லை, அவரோடு சேர்ந்தே சரிந்தாள். அவர் தலை தரையில் மோதாமல் தன் கையை அடியில் கொடுத்தாள். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது; வீக்கம் வடிந்த பிறகுதான் இந்த மெமோ வந்தது.

"என் சர்வீஸ்ல இவ்ளோ எடையை ஒத்தைக் கொக்கியில மாட்டியிருந்தா, என்னை வேலைய விட்டே தூக்கியிருப்பாங்க. உன்னைத் தனியா விட்டது யாரும்மா?" என்று கிரேன் ஆபரேட்டர் அன்றைக்கே கேட்டார்.

மெமோவை எடுத்துக்கொண்டு அவள் மேட்ரனிடம் போனாள். "மேடம், நான் ரெண்டு தடவை போன் பண்ணி ஆள் கேட்டேன்."

"கேட்டீங்க. இல்லேன்னு சொன்னேன். அதுக்காகக் கீழ போட்டுடுவீங்களா?"

"ஒத்தை ஆளா எப்படி மேடம்…"

"பெரிய சிஸ்டர் எத்தனை தடவை தனியா தூக்கியிருக்காங்க! உடம்புல தெம்பு வேணும் சிஸ்டர். இருக்கறதைத்தான் எழுதியிருக்கேன்."

தெம்பு. அந்த ஒரு சொல் சாயங்காலம் டியூட்டி முடிந்து படியிறங்கும்வரை காதுக்குள் கொசு மாதிரி சுற்றியது. பதினெட்டு வருடம் எத்தனை பேரைப் புரட்டிப் போட்டுத் துடைத்து, உட்கார வைத்து, நடக்க வைத்திருப்பாள்! அப்போதெல்லாம் இருந்த தெம்பு இல்லவே இல்லையென்று இன்றைக்கு ஸ்டாம்ப் அடித்துக் கொடுக்கிறார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு விளையாட்டுச் சாமான் கடை. தினமும் பார்க்கிற கடைதான். அன்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கறுப்பு இரும்பு கண்ணில் பட்டது. பீரங்கிக் குண்டுக்குக் கைப்பிடி வைத்தாற்போல இருந்தது. மருத்துவமனையின் பிசியோதெரபி அறையிலும் ஒன்று கிடக்கும், பெயர் கெட்டில்பெல். பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

"உங்களுக்கா மேடம்? லேடீஸுக்கு இந்தப் பக்கம்" என்று கடைக்காரர் ரோஸ் நிற ரப்பர் பூசிய ஒன்றைக் கையில் கொடுத்தார். இரண்டு கிலோ.

"இதைவிட என் கைப்பை கனமா இருக்கு. அந்தக் கறுப்பை எடுங்க."

"அது பன்னெண்டு கிலோ. கூட சார் யாராவது வந்திருக்காங்களா?"

"சார் எதுக்கு?"

"இல்ல மேடம், தூக்கிட்டுப் போக…"

"நான் வாங்கினதை நான் தூக்கத் தெரியாமலா வந்திருக்கேன்?" கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அந்த மனிதர் பாவம், அவர் மேல் என்ன தப்பு என்று பஸ்ஸில் ஏறிய பிறகு தோன்றியது. ஆனாலும் கோபம் தணியவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டாள், தொடை மரத்துப்போனது. பக்கத்து இருக்கை அம்மாள் பையைத் தொட்டுப் பார்த்து, "தர்பூசணியா?" என்று கேட்டார்.

"இரும்பு."

அந்த அம்மாள் அதற்குப் பிறகு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. பையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததும் அவர் முதலில் பார்த்தது தரையைத்தான். அவள் பெயரைச் சொன்னதும், "கெட்டில்பெல்லா? ஏன், நம்ம கெட்டில் நல்லாத்தானே கொதிக்குது?" என்றார். கல்லூரியில் படிக்கும் மகள் களுக்கென்று சிரித்தாள்.

சின்ன சிஸ்டர் சிரிக்கவில்லை. மெமோவை எடுத்து மேஜை மேல் போட்டாள். இருவரும் படித்தார்கள். மகளுக்கு முகம் சிவந்தது. வீட்டுக்காரர் எழுந்து போய், வேலைக்கு எடுத்துப் போகும் தடித்த ரப்பர் பாயைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் விரித்தார். "எங்க வேணா போடு. டைல்ஸ் மேல மட்டும் போட்டுடாதே."

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தாள். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. போனில் ஒரு வீடியோவைப் பாதி பார்த்தாள், மீதியைக் கோபமே பார்த்துக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்துக் காலிடுக்கில் விட்டு வெடுக்கென்று நெஞ்சுவரை இழுத்தாள். இறங்கும்போது "தெம்பு", ஏறும்போது "தெம்பு". பத்து, இருபது, ஐம்பது என்று போனது. நாலாவது நாள் நடு முதுகில் யாரோ ஆணி அடித்த மாதிரி ஒரு பிடிப்பு. குனிந்தவளால் நிமிர முடியவில்லை. அப்படியே ரப்பர் பாயில் மண்டியிட்டு, வாய்க்கு வந்தபடி இரும்பைத் திட்டினாள். இரும்பு அசையாமல் நின்றது.

வார்டில் அவள் நடக்கிற நடையைப் பார்த்தே பிசியோதெரபி பெண் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

"எதைத் தூக்கினீங்க சிஸ்டர்?"

சொன்னதும் அந்தப் பெண் பிசியோ அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "எப்படிச் செஞ்சீங்கன்னு சும்மா கையால காட்டுங்க." காட்டியதும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "கையால இழுக்கறீங்க, முதுகை வளைக்கறீங்க. ரெண்டும் தப்பு. ரெண்டு கையிலயும் பாத்திரம் இருக்கறப்போ கிச்சன் டிராயரைப் பின்பக்கத்தால இடிச்சு மூடுவீங்கல்ல? அப்படி இடுப்பைப் பின்னால தள்ளுங்க. முதுகு பலகை மாதிரி நேரா இருக்கணும். அப்புறம் இடுப்பை முன்னால தட்டுங்க. குண்டு தானா மேல வரும். கை வெறும் கயிறுதான்."

"நோயாளியத் தூக்கறப்போ நாங்க இப்படித்தானே செய்வோம்" என்றாள் சின்ன சிஸ்டர்.

"ஆமா. பேஷன்ட் மேல இருக்கற அக்கறை உங்க மேல இல்ல. கோபமா செஞ்சா எல்லாருமே கையாலதான் இழுப்பாங்க."

ஒரு வாரம் தொடவே கூடாது என்றாள். சின்ன சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு நாள் பொறுத்தாள். பிறகு வெறும் இடுப்பு மடக்கல், சுவருக்கு முதுகைக் காட்டி நின்று. அப்புறம் இரும்போடு பத்து, மூச்சு வாங்கி இன்னொரு பத்து. உள்ளங்கையில் தோல் உரிந்து காய்த்தது. மாதங்கள் போயின. ஒரு நாள் பன்னிரண்டு கிலோ லேசாக இருப்பதாகத் தோன்றி, அதே கடையில் போய்ப் பதினாறு வாங்கினாள். கடைக்காரர் இந்தத் தடவை எந்தச் சாரையும் கேட்காமல் கட்டிக்கொடுத்தார். சீருடையின் தோள் இறுகித் தையலைப் பிரிக்க வேண்டியிருந்தது. "இனிமே சண்டை போடறதுக்கு முன்னாடி யோசிக்கணும்" என்று வீட்டுக்காரர் மகளிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

வார்டிலும் பேச்சு பரவியது. சரிந்து கிடக்கிறவர்களைத் தலையணைக்கு ஏற்றும்போது டாக்டர்களே நின்று பார்த்தார்கள். சின்ன சிஸ்டருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அடுத்த மாத டியூட்டி பட்டியல் வந்தது. மூன்றாம் மாடிக்கு நேராக ஒரே ஒரு பெயர், அவளுடையது. பெரிய சிஸ்டரை நிரந்தரமாகக் கீழ்மாடிக்குப் போட்டிருந்தார்கள். அவள் பட்டியலோடு மேட்ரன் அறைக்குப் போனாள்.

"அதான் இப்ப நல்லாத் தேறிட்டீங்களே சிஸ்டர்! இனிமே நீங்க ஒரு ஆளே போதும்" என்றார் மேட்ரன், பாராட்டுகிற மாதிரி.

உள்ளங்கை உரிந்தது, முதுகு பிடித்தது, விடியற்காலைத் தூக்கம் போனது எல்லாம் இந்த அம்மாளுக்கு ஒரு ஆளைக் குறைத்துக் கொடுக்கத்தானா? அறையை விட்டு வந்து கை கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புதுப் பட்டியல் அமலுக்கு வந்த இரண்டாவது நாளே வேளை வந்தது. தொடை எலும்பு முறிந்த பேக்கரிக்காரர், கிரேன் ஆபரேட்டருக்குக் கொஞ்சமும் சளைக்காத உடம்பு. ஸ்கேன் அறைக்குப் போக வேண்டும். சின்ன சிஸ்டர் சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டாள். பிறகு மேட்ரனுக்குப் போன் செய்தாள். "இன்னொரு ஆள் வந்தாத்தான் மாத்துவேன் மேடம்." போனை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றாள்.

கால் மணி நேரத்தில் மேட்ரனே படியேறி வந்தார். "பதினாறு கிலோவைத் தூக்கி ஆட்டறீங்களாம், வார்டே பேசுது. இவரை மாத்த முடியலையா?"

"முடியும் மேடம்."

"அப்புறம் என்ன?"

"மாட்டேன்."

அடுத்த கட்டில்காரர் ரேடியோவை அணைத்தார்.

"விழுந்தா எனக்குத் தெம்பில்லேன்னு எழுதறீங்க. தெம்பு வந்தா ஆளைக் குறைக்கறீங்க. என் உடம்பை வெச்சுத்தான் நீங்க கணக்குப் போடுவீங்களா? சுவத்துல ரெண்டு பேர்னு போட்டிருக்கு. நான் ஒருத்தி."

மேட்ரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பேக்கரிக்காரர் தலையைத் தூக்கினார். "எனக்கும் படிக்கத் தெரியும்மா. ரெண்டு பேர் வராம நான் அசையமாட்டேன். மாவு மூட்டையக்கூட எங்க கடையில ரெண்டு பேருதான் இறக்குவோம்."

ஸ்கேன் அறையிலிருந்து மறுபடி போன் அடித்தது. மேட்ரன் சுற்றுமுற்றும் பார்த்தார். வாட்சைக் கழற்றிப் பையில் போட்டார். கட்டிலின் மறுபக்கம் போய்க் குனிந்தார்.

"முதுகை வளைக்காதீங்க மேடம். இடுப்பைப் பின்னால தள்ளுங்க. நான் மூணு சொன்னதும்."

மூன்று சொன்னாள். பாதியில் மேட்ரனின் முழங்கால் மடங்குவது தெரிந்தது. சின்ன சிஸ்டர் பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டாள். பேக்கரிக்காரர் பத்திரமாக நாற்காலியில் உட்கார்ந்தார். மேட்ரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். நெற்றி வேர்த்திருந்தது. பிறகு இறங்கிப்போனார்.

சாயங்காலமே இரண்டாவது மெமோ வந்தது. இந்தத் தடவை காரணம் கீழ்ப்படியாமை. சின்ன சிஸ்டர் நிர்வாக அதிகாரிக்கு மூன்று பக்கம் பதில் எழுதினாள். முதல் தடவை ஆள் கேட்டுப் போன் செய்த நேரங்கள், சுவரில் இருக்கும் விதி, புதுப் பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. பழைய மெமோவின் கடைசி வரியை நீக்கவேண்டும் என்று முடித்தாள். கையெழுத்துக் கேட்டுக் கீழ்மாடிக்குப் போனாள்.

பெரிய சிஸ்டர் படித்துவிட்டு நர்ஸ் அறைக் கதவைத் தாழிட்டார். மேல்சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இடுப்பைச் சுற்றி, முதுகுவலிக்குப் போடுகிற அகலமான பெல்ட். ஓரமெல்லாம் நைந்திருந்தது.

"ஆறு வருஷமாச்சுடி. பெரிய சிஸ்டர் தூக்குவாங்க, பெரிய சிஸ்டர் தூக்குவாங்கன்னு சொல்லிச் சொல்லியே என்னை முடிச்சுட்டாங்க. வெளிய சொன்னா வேலைக்கு லாயக்கில்லேன்னு எழுதிடுவாங்கன்னு பயம்."

சின்ன சிஸ்டருக்கு, இத்தனை மாதமும் தன் ஒருத்திக்காக மட்டும் கோபப்பட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது. "அக்கா, இதையும் எழுதட்டுமா?"

"எழுது. நல்லாப் பெரிசா எழுது."

பதினொரு நர்ஸுகள் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு வாரத்தில் புதுப் பட்டியல் ஒட்டப்பட்டது. மூன்றாம் மாடிக்கு நேராக இரண்டு பெயர்கள். ஏன், எப்படி என்று யாரும் விளக்கம் சொல்லவில்லை. முதல் மெமோவின் கடைசி வரி மட்டும் அப்படியே இருந்தது. "பழைய ஃபைலை யாரு கிளறுவாங்க, விடுங்க சிஸ்டர்" என்றார் மேட்ரன்.

அவள் விடவில்லை. நிர்வாக அதிகாரியின் அலுவலகத்துக்கு ஏறி இறங்கினாள். மூன்றாவது முறை பெரிய சிஸ்டரும் கூடவே வந்தார். வாசல் மேஜையில் இருந்த கிளார்க் தலையைத் தூக்காமலே, "சார் மீட்டிங்ல இருக்கார். நாளைக்கு வாங்க" என்றார்.

"பரவாயில்ல, இன்னிக்கு எங்களுக்கு லீவுதான்" என்று சின்ன சிஸ்டர் சுவரோரம் கிடந்த பெஞ்சை முன்னால் இழுத்துப் போட்டாள். இருவரும் உட்கார்ந்தார்கள்.