அரிசி மூட்டை இருந்த இடம்

உத்திரமேரூர் பஜாரில் அஹமது பாட்சாவின் மளிகைக் கடை வாசலில், அவர் அப்பா காலத்திலிருந்து அரிசி மூட்டைகள் இருந்த இடத்தில், வெள்ளிக்கிழமை காலை ஒரு கண்ணாடிக்கதவு ஃபிரிட்ஜ் நின்றது. மருமகள் சனோபர், பால் ஏஜென்ட் மோகன்குமாரிடம் பேசி, ஒரு நாள் பார்ப்போம் என்று வாங்கி வைத்தது. உள்ளே தயிரும் இருபது பாக்கெட் காளானும். மாமனார் நிபந்தனை: காளான் விற்காவிட்டால் சாயங்காலம் ஃபிரிட்ஜ் வண்டியேறும், மூட்டைகள் வாசலுக்கு வரும். கடை விஷயத்தில் அவள் வாய் திறப்பதும் அதோடு முடிந்துவிடும். இந்தக் கடைசி நிபந்தனையை அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

"வயக்காட்டு ஜனம்மா இது. மழ பேஞ்சா வக்கப்போர்ல மொளைக்கிறத காசு குடுத்து வாங்குவாங்களா?"

"வக்கப்போரு எங்க கீது மாமா?" என்று கேட்டுவிட்டு அவள் பருப்பு நிறுக்கப் போனாள்.

முன்பு ஒரு வாரத்தில் தீர்ந்த மூட்டை இப்போது மாதம் தாங்குகிறது. ரேஷன் அரிசியே போதும் என்கிறார்கள். முட்டை அட்டையோ காலையில் வைத்தால் மத்தியானம் காலி. ஷாம்பூ, நூடுல்ஸ், நாய்க்குக்கூடப் பாக்கெட் தீனி. இதெல்லாம் அவர் கண்ணிலும் பட்டதுதான். பார்த்து அலுத்துக்கொண்டதோடு சரி.

ஜும்மாவுக்குக் கிளம்பும்வரை ஒரு பாக்கெட்டும் போகவில்லை. தொழுதுவிட்டுத் திரும்பியபோது, ஏரிக்கரையில் நிலம் வைத்திருக்கும் எல்லம்மாள் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா பாய், மூட்டய உள்ள தள்ளிட்டியா? இப்பதான் காலு இடிக்காம கீது." இரண்டு பாக்கெட் காளானை எடுத்துக் கூடையில் போட்டாள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. "உங்க வூட்டுப் போர்லயே மொளைக்குமே எல்லம்மா."

"போரு ஏது? மிஷின்ல அறுக்கறப்பவே கட்டு கட்டி லாரில ஏத்திட்டான். வக்க வித்த காசுலதான் இத வாங்கறன். புழு பாக்க வேணாம், மண்ணு அலச வேணாம். பேரனுக்குக் காளான் பிரியாணி வேணுமாம். பாய் வூட்டு பிரியாணிய வுட்டுட்டு இதக் கேக்குது பாரு."

அஹமது பாட்சா மருமகளைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை, தராசில் கண்ணாக இருந்தாள். கல்யாணமாகி வந்து மூன்று வருஷத்தில் ஒரு வரப்பில்கூடக் கால் வைக்காதவள். கடைக்கு முன்னால் போகும் லாரியில் வைக்கோல் கட்டுகளைப் பார்த்தே, எந்தச் சட்டியில் என்ன குறையும் என்று யோசித்திருக்கிறாள். அதே தெருவை அவரும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு லாரியின் புழுதிதான் தெரிந்தது.

கம்பெனி பஸ் வந்து பெண்கள் இறங்கியதும் ஃபிரிட்ஜ் முன்னால் கூட்டம் கூடியது. அது கலைந்த நேரத்தில் மோகன்குமார் வண்டியோடு வந்து நின்றான்.

"ஏத்திடலாமா பாய்?"

"எத ஏத்துவ? அது அங்கதான் இருக்கும். நாளிக்குக் காளான் இன்னும் கூடக் கொண்டா."

சனோபர் நிறுத்த பருப்பைப் பொட்டலம் கட்டினாள்.

வண்டி போன பிறகு கல்பனா டீச்சர் அவசரமாக வந்து காளான் கேட்டாள்.

"தீந்துபோச்சும்மா."

பத்தொன்பதுதான் போயிற்று என்று அறிந்த சனோபர் மாமனாரை ஏறிட்டாள். அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தள்ளிய அரிசி மூட்டையின்மேல், அவருடைய துண்டுக்கடியில், கடைசிப் பாக்கெட் மெல்ல வியர்த்துக்கொண்டிருந்தது.