பார்ப்பதற்கு மட்டும்

"நீங்க தோளைப் பிடிச்சுக்கங்கம்மா, நான் தலையைப் பாத்துக்கறேன்," என்றார் சவப்பெட்டிக்காரர். இரண்டு கைகளையும் இறந்தவரின் தாடைக்கு அடியில் நுழைத்து மெதுவாக மேலே தள்ளினார். தலை தனியாக அசையவில்லை. தோளும் முதுகும் அதனோடு சேர்ந்தே எழும்பின, ஒரே பலகையாக.

"விட்டுடுங்க," என்றாள் அவள். "அது வராது."

"இப்பதான் விறைச்சிருக்கும்மா. கொஞ்ச நேரம் போனா தளந்துடும்."

"உயிரோட இருந்தப்பவே வராதுங்க."

பெட்டிக்காரர் கையை எடுத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவள் கணவர் குட்டைக்கால் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். மோவாய் நெஞ்சில் புதைந்திருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று எங்கே போனது என்று தேடிக்கொண்டே தூங்கிப்போனவர் மாதிரி இருந்தார்.

முதுகெலும்பு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நோய். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய டாக்டர், "மூங்கில் மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்றார். இடுப்பில் தொடங்கி மேலே ஏறிக் கழுத்தில் முடிந்தது. முடிந்தபோது அவருக்கு எதிரில் நிற்பவர்களின் செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

அவர் ஸ்டுடியோ வைத்திருந்தவர். காளானையும் புல்பூவையும் படம் எடுக்கும் நண்பர் ஒருவர்தான் அந்த வளைந்த குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். முழங்கை மாதிரி மடங்கியிருக்கும் சிறிய குழாய். கேமராவின் பின்பக்கம் கண் வைத்துப் பார்க்கிற இடத்தில், ரப்பரைக் கழற்றிவிட்டு அந்தப் பள்ளத்தில் சொருக வேண்டும். கேமரா தரையில் இருக்கும். எடுக்கிறவர் குப்புறப் படுக்காமல் மேலிருந்தே குனிந்து பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் கண்ணாடி, எதிரில் இருப்பதை மேல்நோக்கித் திருப்பிவிடும்.

"எனக்குன்னே செஞ்சிருக்கான்டா," என்று சிரித்தார் அவர். குனிந்தே இருந்தவருக்குக் குனிந்து பார்க்க ஒரு குழாய்.

முதலில் அதை வைத்து வேலை பார்த்தார். பிறகு கை நடுங்கத் தொடங்கி ஸ்டுடியோவை மூடிய பின்னும் கேமரா மட்டும் கழுத்திலிருந்து இறங்கவில்லை. கனம் குறைய பேட்டரியைக் கழற்றி எறிந்தார். பேட்டரி இல்லாவிட்டாலும் குழாயில் உலகம் தெரிந்தது. நெஞ்சோடு கேமராவைப் பிடித்துக்கொள்வார். குழாயில் கண்ணை வைப்பார். லென்ஸ் வளையத்தைத் திருகித் திருகி எதிரே நிற்பவரின் முகத்தைத் தெளிவாக்குவார். குழாயில் இருந்த சின்ன நெம்புகோலைத் தள்ளினால் முகம் மட்டும் பெரிதாக வரும். அப்புறம்தான் பேசத் தொடங்குவார். பழகும்வரை கண் கீழே, காட்சி எதிரே என்று தலைசுற்றும். அந்த நாட்களில் வாசல் கதவிலேயே முட்டிக்கொண்டார்.

மற்றவர்கள் குத்துக்காலிட்டுத் தன் முகத்தை அண்ணாந்து பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. "காருக்கு அடியில எண்ணெய் ஒழுகுதான்னு பாக்கற மாதிரி பாக்கறாங்க. நீங்க நேரா நில்லுங்க, நான் பாத்துக்கறேன்."

ஒருமுறை பஸ்ஸில் எதிர் சீட்டுப் பெண் கத்தினாள். "யாரைக் கேட்டு போட்டோ எடுக்கற?" மனைவிதான் குறுக்கே புகுந்து, கேமராவின் அடிமூடியைத் திறந்து வெற்றுப் பள்ளத்தைக் காட்டினாள். "பேட்டரியே இல்லம்மா. இது அவருக்குப் பார்ப்பதற்கு மட்டும்." அந்த வாக்கியத்தை அவள் கடையில், வங்கியில், மகளின் கல்யாண மண்டபத்தில் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அது அவள் வாயில் ருசியே இல்லாமல் போய்விட்டது.

இன்று காலை அவர் வழக்கம்போல் நாற்காலியில் இருந்தார். படுத்தால் மூச்சு வாங்கும் என்பதால் சில வாரங்களாக நாற்காலியில்தான் தூக்கம். மடியில் தலையணை, அதன்மேல் கேமரா, குழாயில் கண். அவள் எதிரே நின்று துணி மடித்துக்கொண்டே பேசினாள். மகள் பஸ் ஏறிவிட்டதைச் சொன்னாள். தெருக்குழாயில் தண்ணீர் நூலாக வருவதைச் சொன்னாள். தையல் கூடத்தில் காலர் வைக்கிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடப்போவதாக மேற்பார்வையாளர் மிரட்டுவதைச் சொன்னாள். "நான் என்ன ரெண்டாவா பிரிய முடியும்? நீங்களே சொல்லுங்க," என்றாள். அவர் சொல்லவில்லை. கோபம்கூட வந்தது அவளுக்கு. போர்வையை மடித்து முடித்த பிறகுதான், லென்ஸ் வளையத்தின்மேல் இருந்த விரல்கள் திருகவே இல்லை என்பது உறைத்தது.

எவ்வளவு நேரம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அவருடைய அண்ணன் உள்ளே வந்தார். கையில் புதுச்சட்டைப் பொட்டலம். கனத்த மனிதர், மாடியில்லாத வீட்டுக்குள் வரவே மூச்சிரைத்தது. சட்டையை அவளிடம் நீட்டினார். அவள் விரித்துப் பார்த்தாள். விறைப்பான காலர். கணவரின் சட்டைகளை அவளேதான் தைத்தாள், பின்பக்கம் நீளமாக, முன்பக்கம் குட்டையாக, காலரே இல்லாமல். கத்தரிக்கோலை எடுத்து, புதுக் காலரின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அண்ணன் பெட்டிக்காரரைப் பார்த்தார். "என்ன, நேராக்க முடியாதா?"

"செய்யலாம் சார்." பெட்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா சத்தம் வரும். வீட்டு மனுஷங்க கொஞ்சம் வெளிய இருந்தா நல்லது."

கத்தரிக்கோல் நின்றது. சற்றுமுன் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்த மகள் சமையலறை வாசலில் டம்ளர்களோடு அப்படியே நின்றாள்.

"வேணாம் அத்தான்," என்றாள் அவள்.

"ஏம்மா, வர்றவங்க முகத்தைப் பாக்க வேணாமா? காதையும் பிடரியையும் பாத்துட்டுப் போகவா வர்றாங்க?"

"எலும்பு ஒடஞ்சாத்தான் நிமிரும்."

"இனிமே அவனுக்கு வலிக்கவா போகுது?"

"வலிக்காது. தெரியும்." அவள் ஒரு நூலை இழுத்து அறுத்தாள். "இருந்தாலும் வேணாம்."

"பொறந்ததுலேருந்தா அவன் இப்படி இருந்தான்?" அண்ணனின் குரல் உயர்ந்தது. "உனக்குக் கட்டிவச்சப்ப எப்படி இருந்தான்? நெஞ்சை நிமித்திக்கிட்டு நடப்பான். எனக்கே பொறாமையா இருக்கும். என் தம்பி நேரா நின்னவன்ம்மா. கடைசியா ஒரு தடவை அவனை அப்படிப் பாக்கணும், அவ்வளவுதான் கேக்கறேன்."

"பெரியப்பா, மெதுவா..." என்றாள் மகள்.

அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டு உட்காருவார். கேமராவின் முன்னால் ஒருநாளும் வந்ததில்லை. "அதை என் பக்கம் திருப்பாதடா, ஒரு மாதிரி இருக்கு," என்பார். தம்பி கேமராவைத் திருப்ப, அண்ணன் நகர, இருவரும் பக்கம் பக்கமாகவே உட்கார்ந்து பழைய கதை பேசுவார்கள். அண்ணன் போன பிறகு ஒருமுறை அவர் கேட்டார்: "அண்ணனுக்கு முடி முழுக்கக் கொட்டிடுச்சா?" அவள், "முன்னாடி மட்டும்," என்றாள்.

அதை இப்போது சொல்லிக் காட்டலாம். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"முகம் பாக்கணும்னா குனிஞ்சு பாக்கட்டும் அத்தான்," என்றாள். "பெட்டியை மட்டும் அகலமா கொண்டுவரச் சொல்லுங்க. ஒருக்களிச்சே இருக்கட்டும்."

அண்ணன் பெட்டிக்காரரைப் பார்த்தார். பெட்டிக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு நாடாவை எடுத்துத் தோளுக்கும் முழங்காலுக்கும் அளந்துகொண்டு வெளியே போனார். அண்ணனும் போய் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்.

அவளும் மகளும் சட்டையை மாட்டினார்கள். கை எப்படி மடங்கும், எதை முதலில் நுழைக்க வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கம். மகள்தான் தப்பான கையை முதலில் பிடித்தாள். "வலது கையை விடு. இடதுதான் முதல்ல," என்றாள். கேமராவை நாற்காலியிலிருந்து எடுத்து மகள் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"இதையும் பெட்டிக்குள்ள வச்சிடலாமாம்மா?"

"வேணாம். எத்தனை வருஷம் சுமந்தாரு. அலமாரியில வை."

மதியத்துக்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நரைத்த பிடரியையும் ஒரு காதையும் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள், கையைக் கட்டிக்கொண்டார்கள். தையல் கூடத்தில் அவள் பக்கத்து மெஷினில் இருப்பவள்தான் கேட்டாள். "முகம் எங்கக்கா?"

"அந்தப் பக்கம் போய் உக்காரு. அவர் முழங்கால்கிட்ட. இன்னும் கீழ. தலையைச் சாய்ச்சுக்க."

வந்தவள் பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கட்டில் விளிம்பில் கன்னத்தை வைத்துச் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "சவரமெல்லாம் பண்ணி நல்லாத்தான் இருக்காரு," என்று எழுந்து மூக்கை உறிஞ்சினாள். அடுத்து எதிர்வீட்டுக்காரர் உட்கார்ந்தார். பிறகு ஸ்டுடியோவுக்கு எதிரே பூட்டுக்கடை வைத்திருந்தவர். யாரும் யாரிடமும் சொல்லாமலே சுவரோரமாக ஒரு வரிசை உண்டாகியிருந்தது. செருப்புகள் வாசலைத் தாண்டிக் குவிந்தன.

பெட்டியோடு வண்டி வந்து நின்றபோது அண்ணன் உள்ளே வந்தார். வரிசை விலகி வழிவிட்டது. அவர் கட்டிலின் தலைமாட்டில் நின்றார். அப்புறம் கால்மாட்டுக்கு வந்தார். கைபேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மகளிடம் கொடுத்தார். நாற்காலியின் கையைப் பற்றி ஒரு முழங்காலை ஊன்றினார், பிறகு இன்னொன்றை. வயிறு இடித்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கன்னத்தை மெத்தையில் வைத்தார். மூக்குக்கண்ணாடி கோணிக்கொண்டது. அதைச் சரிசெய்யாமலே பார்த்தார்.

"டேய்," என்றார்.

வெளியே வண்டிக்காரர் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது, நின்றது.

வெகுநேரம் கழித்து அவர் கை நாற்காலியைத் துழாவியது. எழ முயன்றார், முடியவில்லை. "கால் மரத்துப்போச்சு," என்றார், முகத்தைத் திருப்பாமல்.

அவள் வந்து பின்னால் நின்றாள். ஒரு பாதத்தை அவர் பாதத்துக்கு முட்டுக்கொடுத்து, கக்கத்துக்கு அடியில் கையை நுழைத்தாள். "என் மேல பாரத்தைப் போடுங்க அத்தான். ம், இப்ப."

அவர் எழுந்தார். வரிசையில் அடுத்து நின்றவர் சுவரில் ஒரு கையை ஊன்றி, குனிந்து, ஷூவின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.