சுவிட்ச் இல்லாத விளக்குகள்

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. அதனால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் சின்னது பெரியது எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. அவள் கணவர் எலக்ட்ரீஷியன். எட்டு மாதத்துக்கு முன் ஒரு மழைச் சாயங்காலம், பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவரைக் குறுக்கே திரும்பிய வேன் ஒன்று அடித்துத் தள்ளியது. "சத்தியமா கண்ணுக்கே தெரியலைங்க" என்று வேன்காரர் ஆஸ்பத்திரி வாசலில் அழுதார். பார்த்தால் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை.

இடுப்பெலும்பு சேர்ந்துவிட்டது. மனசுதான் சேரவில்லை. வண்டி நிறுத்துமிடம் வரை இறங்குவார், கேட்டைத் தாண்டமாட்டார். தாண்டச் சொன்னால் முகம் வெளிறிவிடும். அவர் பைக்கை இப்போது அவள்தான் ஓட்டினாள்.

"நம்ம தெரியலைன்னா தெரிய வைக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்இடி விளக்குகள் பார்சலில் வந்தன. முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் மஞ்சளாக ஒவ்வொன்று. நடுவிலிருக்கும் ஹெட்லைட்டோடு சேர்த்துப் பார்த்தால் முக்கோணம். பின்னால் பிரேக் பிடித்ததும் துடிக்கும் சிவப்புப் பட்டை. ஒயர்களையெல்லாம் டேங்க்குக்கு அடியில் ஒளித்து, தனி ஃபியூஸ் வைத்து, சுவரில் சாக்பீஸால் கோடு கிழித்து வெளிச்சம் அதற்குக் கீழேயே விழும்படி திருகினார்.

"மேல போனா எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசும். அவன் நேரா வந்து நம்ம மேலயே விழுவான்."

"சுவிட்ச் எங்கங்க?"

"எதுக்கு? சாவியைத் திருப்பினா தானா எரியும். நீ மறந்துட்டாலும் அது மறக்காது."

முதல் நாள் கிளம்பியபோது கீழ்வீட்டுக்காரர், "என்னக்கா, சர்க்கஸ் ஊருக்குள்ள வந்துடுச்சா?" என்று கேட்டார். அவளும் சிரித்துவிட்டாள். பயனில்லை என்று சொல்ல முடியாது. குறுக்குச் சந்திலிருந்து தலை நீட்டும் கார்கள் அவளைக் கண்டு நின்றன. பஸ்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

ஆனால் அவளைக் கண்டுகொண்டது ரோட்டில் போகிறவர்கள் மட்டுமல்ல. நாலாவது மாடி பால்கனியிலிருந்து பார்த்தால் ஆற்றுப்பாலம், வளைவு, பெட்ரோல் பங்க், அங்கிருந்து வீடு வரைக்கும் ரோடு முழுக்கத் தெரியும். சாயங்காலச் சுற்று முடிந்து அவள் பாலத்தில் ஏறும் நேரம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். நூறு வண்டி வந்தாலும் அந்த முக்கோணம் அவருக்கு அடையாளம் தெரியும்.

போன் வரும். "பங்க் பக்கத்துல நாலு நிமிஷம் நின்னியே, என்ன ஆச்சு?"

"காத்து பிடிச்சேன்."

"வளைவுல ஏன் அவ்வளவு மெதுவா வந்த?"

"முன்னாடி லாரிங்க."

கதவைத் திறந்து உள்ளே வந்தால் அவர் நெற்றியில் வியர்வை இருக்கும். தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுப்பார். சந்தேகப்படுகிற மனுஷனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுச் சண்டை போடலாம். பயந்து நடுங்குகிறவரிடம் என்ன சண்டை போடுவது? பகலெல்லாம் நோயாளிகள், அவர்களின் பயம். வீட்டுக்கு வந்தால் இவர், இவர் பயம். இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்த மூன்று கிலோமீட்டர் ரோடு. அதிலும் அவர் கண் இருந்தது. மூச்சு முட்டியது அவளுக்கு.

ஒரு வியாழக்கிழமை, பரிசோதனைக் கூடத்துக்குப் பின்னாலிருந்த மெக்கானிக்கிடம் வண்டியை விட்டாள். "இந்தச் சைடு லைட்டுக்கு ஒரு சுவிட்ச் வெச்சுக் கொடுங்க."

மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "யாரு அக்கா பண்ணது? ஒத்த ஒயர் தொங்கல. இதுல கை வைக்கவே மனசு வரல" என்றார்.

"வைங்க" என்றாள்.

அன்று பாலத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினாள். மஞ்சள் விளக்குகள் இரண்டும் அணைந்தன. அழுக்கேறிய பழைய ஹெட்லைட் மட்டும் மங்கலாக எரிந்தது. கூட்டத்தில் இன்னொரு வண்டியாகிப் போனாள். பாலம் முடிகிற இடத்தில் ஓரமாக நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். இருட்டிக்கொண்டு வந்தது. பையில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. எடுக்கவில்லை. ஒன்றும் யோசிக்கவில்லை, யாரையும் நினைக்கவில்லை. கீழே தண்ணீர் போனது. பத்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ, எட்டு மாதத்தில் அவளுக்கென்று கிடைத்தது அவ்வளவுதான்.

திரும்பக் கிளம்பும்போதும் சுவிட்சைப் போடவில்லை. பங்க் தாண்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று வளைவில் திரும்பினாள்.

ரோட்டோரம் ஏதோ அசைந்தது. கிட்டே போன பிறகுதான் ஆள் என்று தெரிந்தது. இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு போய், அந்த ஆளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

கறுப்புச் சட்டை, வீட்டுச் செருப்பு, ஒரு கை இடுப்பில். அவர்தான்.

"ஏங்க!" என்று அலறிவிட்டாள். "இருட்டுல ரோட்டு மேல நடக்குறீங்களே, அறிவிருக்கா? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..."

அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் தோள், கை, முழங்கால் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "நடுப்பாலத்துல அணைஞ்சுதே. சட்டுனு அணைஞ்சுது. போனும் எடுக்கல. நான்... ஆத்துக்குள்ள..."

பொய் சொல்ல அவளுக்கு வழியிருந்தது. ஃபியூஸ் போய்விட்டது என்றால் நம்பியிருப்பார். "நான்தாங்க அணைச்சேன். சுவிட்ச் வெச்சுக்கிட்டேன்."

"எதுக்கு?"

"கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியாம இருக்கணும்போல இருந்துச்சு. உங்களுக்கும்."

அவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பஸ் ஹாரனடித்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனது. அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கேட்டைத் தாண்டி கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"பின்னாடி உக்காருங்க, போயிடலாம்."

"முடியாது. ஏறமாட்டேன்."

அவளும் வற்புறுத்தவில்லை. விளக்குகளைப் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளினாள். அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்தார். வீடு வந்து சேர அரைமணிக்கு மேல் ஆனது. வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "நான் உன்னை அடைச்சு வெச்சிருக்கேனா?"

"ஆமாங்க" என்றாள்.

மறுநாள் காலையில் அவர் சுவிட்சைப் பிரித்துப் போட்டிருந்தார். எடுத்துவிடப்போகிறார் என்று நினைத்தாள். "மழை பெஞ்சா உள்ள தண்ணி போயிடும். அரைகுறை வேலை" என்று முணுமுணுத்துக்கொண்டே ரப்பர் உறை போட்டு, அவள் விரலுக்கு எட்டுகிற இடத்தில் அதையே மறுபடி பொருத்தினார். பிறகு நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "ஓரமா நின்னப்புறம் அணைச்சுக்கோ. ஓடும்போது வேண்டாம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லு, நான் போன் பண்ணமாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பாலத்தருகே விளக்கை அணைத்துவிட்டு அவள் நிற்கிறாள், போன் அதிர்வதில்லை. ஆனால் அங்கே பால்கனி நாற்காலியில் அவர் கைகளைக் கோத்துக்கொண்டு, நிமிஷத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். பத்து நிமிஷம் நிற்கலாம் என்று வருகிறவள், பெரும்பாலும் ஆறாவது நிமிஷத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.