வெர்பா ஊராருக்குப் போட்ட பந்தி

வந்துவிட்டார்கள், உட்காரத்தான் தயங்குகிறார்கள். யார் வீட்டில் நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

தெக்லா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கரண்டிகளை மட்டும் இன்னும் கொஞ்சம் அருகே நகர்த்தி வைத்தாள்.

நவம்பர் மாதத்து நீத்தார் விருந்து. செத்தவர்களைப் பேர் சொல்லி அழைக்க அவரவர் வீட்டில் ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும். வெர்பா ஊரில் அப்படி ஒருவரும் மிஞ்சவில்லை. செப்டம்பரில், ஜெர்மன்காரர்களை எதிர்த்துக் காட்டில் மறைந்திருந்த காட்டுப்படை பாலத்தில் அவர்களுடைய ரயிலைக் கவிழ்த்தது. மறுநாள் ஜெர்மன்காரர்கள் பாலத்தை ஒட்டியிருந்த வெர்பாவின் ஆட்களைத் தானியக் கொட்டகையில் அடைத்துத் தீ வைத்தார்கள். நாற்பத்தொரு பேர். பாலத்தில் காவல் இல்லையென்று கொடியில் நீலத்துணி காயப்போட்டுப் படைக்குச் சைகை காட்டியவள் தெக்லா.

அதனால் மதியத்திலிருந்து கதவைத் திறந்து வைத்து, செத்த அந்த ஊராரை வீடு வீடாகப் பேர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தாள். தேன் கலந்த பார்லிக் கஞ்சி, ஆறு மரக்கரண்டி. ஒரு வீட்டார் உண்டு போனதும் அடுத்த வீட்டார். கஞ்சியின் ஆவி மேலே எழாமல் காலிப் பெஞ்சின் பக்கம் சாய்ந்து போயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் காட்டிலிருந்து லாவோன் வந்தான். கணவனின் தம்பி, காட்டுப்படைக்காரன். உள்ளே நுழைந்ததும் குதிகாலால் கதவைச் சாத்தினான்.

"என்ன அண்ணி, கதவைத் தெறந்து போட்டு யாருக்குப் பந்தி? ஜெர்மன்காரனுக்கா?"

"கதவைத் தெற தம்பி. சாப்பிடுறவங்க இருக்காங்க."

"இருந்துட்டுப் போறாங்க. நான் இருக்கற வீட்ல கதவு தெறந்து கெடக்கக் கூடாது." தாழ்ப்பாளும் போட்டான்.

விருந்து நடுவில் கதவை அடைத்தால் வந்தவர்கள் திரும்பிப் போக முடியாது. இவனோடு அல்லவா அடைபட்டுப் போனார்கள் என்று நினைத்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்தவன் யாரோ இடித்ததுபோல் ஓரத்துக்கு நகர்ந்தான். "என்ன பெஞ்சு இது, ஆடுது?"

"நெருக்கி உக்காந்திருக்காங்க."

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. சட்டைக்குள்ளிருந்து நீலத்துணியை எடுத்து மேசையில் வைத்தான்.

"நாளன்னைக்குப் பீரங்கி ரயில் வருது. போன தடவ மாதிரியே கட்டிருங்க."

"போன தடவ ரயில் எத்தன நாள் நின்னுச்சு?"

"மூணு நாள்." எதிரே காலியாக இருந்த இடங்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அந்த மூணு நாளும் ஜெர்மன்காரன் பீரங்கிக்குக் குண்டு போய்ச் சேரல அண்ணி. அதனால சண்டையில நம்மாளுங்க எத்தன பேர் பொழச்சாங்களோ."

பொய்யில்லை. பிழைத்தவர்கள் எங்கோ இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் அவர்களுடைய பேர் அவளுக்குத் தெரியாது, கூப்பிட்டால் வரமாட்டார்கள். கூப்பிட்டால் வருகிறவர்கள் இவர்கள்தான்.

"வெர்பா போயிடுச்சு. இப்ப பாலத்துக்குப் பக்கத்து ஊர் எது தம்பி?"

அது இந்த ஊர்தான். பத்தொன்பது வீடு.

"முந்தின நாளே எல்லாரையும் காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம்."

"வெர்பாவுக்கும் இதத்தான சொன்ன."

மேசையில் ஒரு கரண்டி மெல்லக் கவிழ்ந்தது. போதும் என்றவர்கள் அப்படித்தான் கவிழ்த்து வைப்பார்கள். பிறகு அடுத்தது. ஆறும் கவிழும்வரை இருவரும் அசையவில்லை. லாவோனின் கை துப்பாக்கிக்குப் போய், அங்கே செய்ய ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது.

தெக்லா எழுந்து தாழ்ப்பாளை நீக்கினாள். வெளியே காற்றே இல்லை. உள்ளிருந்துதான் குளிர் அவளை உரசிக்கொண்டு வெளியேறியது, ஒவ்வொருவராக.

"கட்டுவீங்கதான அண்ணி?" அவன் குரல் சின்னப் பிள்ளையுடையதுபோல் இருந்தது.

அவள் துணியை நான்காக மடித்து அவன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"நான் கட்டல தம்பி."